இணைந்த கணக்கும் பிரிந்த கணக்கும்

ஒரு கூட்டமைப்பில் சேர்வது எளிதா, அதிலிருந்து பிரிவது எளிதா? சிங்கப்பூரில் வாழும் நமக்கு இந்தக் கேள்வி அந்நியமானது அன்று. நம் நாடு பிறந்ததே ஒரு பிரிவினால்தான். ஆனாலும் அந்தக் கேள்வியை என் மனத்தில் எழுப்பியது சிங்கப்பூர் வரலாற்றுப் பாடநூல் அன்று. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிரெக்சிட் விவகாரம்தான்.

2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நான் உயர்நிலைப் பள்ளி மாணவன். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் வாரத்துக்கு ஒரு வாக்கெடுப்பு நடப்பதைப் போலிருந்தது. லண்டனில் இரவு ஏழரை மணிக்கு வாக்குகள் எண்ணப்படும்போது இங்கே விடியற்காலை மூன்றரை மணி. காலையில் செய்தியைத் திறந்தால் புதிய எண்கள் காத்திருக்கும்: 432-202, 391-242, 344-286. கிரிக்கெட் ஓட்ட எண்ணிக்கையைப் போல அவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தேன். அதைப் பார்த்த வகுப்பு நண்பன் ஒருவன், "நாம் ஒரே நாளில் பிரிந்துவிட்டோம். அவர்கள் மட்டும் ஏன் இத்தனை வருடமாக இழுக்கிறார்கள்?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. அதற்கு விடை தேடியபோது பிரெக்சிட்டைப் பற்றி அறிந்ததைவிட நம் நாட்டைப் பற்றி நான் அறிந்ததே அதிகம். நாடாளுமன்ற வாக்குகளையும் பத்திரிகைச் செய்திகளையும் எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கு 1961 முதல் 1965 வரையிலான சிங்கப்பூர் ஒரு சிறந்த பாடசாலை. அந்தப் பாடத்தை நம் மாணவர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கதவு இருக்கிறதா?

முதலில் ஓர் அடிப்படைச் செய்தி. எல்லாக் கூட்டமைப்புகளுக்கும் வெளியேறும் கதவு கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்திற்கு அது உண்டு. 2009ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி நடப்புக்கு வந்த லிஸ்பன் உடன்படிக்கையின்படி, உறுப்பு நாடு ஒன்று விலக விரும்பினால் 50ஆவது விதியின் கீழ் அறிவிப்புக் கொடுக்கலாம். அன்றிலிருந்து ஈராண்டுக்குள் பேச்சு முடிய வேண்டும். அனைவரும் ஒப்பினால் காலத்தை நீட்டிக்கலாம். பிரிட்டன் 2017 மார்ச் 29ஆம் தேதி அந்த அறிவிப்பைக் கொடுத்தது.

இந்தியாவோ இதற்கு நேர்மாறானது. திராவிட நாடு கோரிக்கை எழுந்திருந்த காலத்தில், 1963ஆம் ஆண்டின் 16ஆவது அரசியலமைப்புத் திருத்தம், தேர்தலில் நிற்பவர்கள் நாட்டின் ஒருமைப்பாட்டைக் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்று விதித்தது. அதே ஆண்டில் திராவிட முன்னேற்றக் கழகம் பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டது. அங்கே கதவு மட்டுமல்ல, கதவைத் தட்டும் உரிமையும் அடைக்கப்பட்டது.

மலேசியா இந்த இரண்டுக்கும் இடைப்பட்டது. 1963 செப்டம்பர் 16ஆம் தேதி பிறந்த அந்தக் கூட்டரசின் அரசியலமைப்பில், ஒரு மாநிலம் விலகுவதற்கு எந்த வழியும் சொல்லப்படவில்லை. தடையும் வெளிப்படையாக இல்லை, வழியும் இல்லை. ஆகவே 1965இல் சிங்கப்பூர் வெளியேற வேண்டுமானால் சுவரை இடித்து ஒரு கதவு வைத்தாக வேண்டும். அதாவது, அரசியலமைப்பையே திருத்தியாக வேண்டும்.

எண்களைப் படிப்பது எப்படி?

ஒரு வாக்கெடுப்பின் முடிவைப் பார்க்கும்போது நாம் பொதுவாக வென்றவர் யார், தோற்றவர் யார் என்பதை மட்டும் கவனிக்கிறோம். என் அனுபவத்தில் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்த்தால்தான் அந்த எண்கள் வாய் திறந்து பேசுகின்றன. ஒன்று, என்ன கேள்வி கேட்கப்பட்டது? இரண்டு, வெற்றிக்கு எத்தனை வாக்குகள் தேவை? மூன்று, வாக்களிக்காதவர்கள் யார்?

மூன்றாவது கேள்வியின் அருமையை 1961ஆம் ஆண்டு ஜூலை மாதம் உணர்த்துகிறது. மலாயாவோடு இணைவது பற்றிய கருத்து வேறுபாட்டால் மக்கள் செயல் கட்சி உடையும் நிலையில் இருந்தது. பிரதமர் லீ குவான் யூ தமது அரசாங்கத்தின் மீது நம்பிக்கை வாக்கெடுப்பைத் தாமே கொண்டு வந்தார். விடிய விடிய நடந்த விவாதத்திற்குப் பின் ஜூலை 21ஆம் தேதி அதிகாலையில் முடிவு வந்தது. ஆதரவு 27, எதிர்ப்பு 8, வாக்களிக்காதவர் 16. எட்டுப் பேர்தானே எதிர்த்தார்கள், பெரிய வெற்றியல்லவா என்று தோன்றும். ஆனால் 51 பேர் கொண்ட அந்தச் சட்டமன்றத்தில் பெரும்பான்மைக்கு 26 தேவை. கிடைத்ததோ அதைவிட ஒன்றே ஒன்று அதிகம். வாக்களிக்காமல் இருந்தவர்களில் 13 பேர் ஆளுங்கட்சியினர். அவர்கள்தாம் பின்னர் பாரிசான் சோசலிஸ் கட்சியை அமைத்தனர். உடல்நலமின்றி மருத்துவமனையில் இருந்த மசெக உறுப்பினர் சஹோரா பிந்தி அகமது ஆம்புலன்ஸ் வண்டியில் அழைத்து வரப்பட்டு வாக்களித்தார் என்றால், அந்த இரவில் ஒரு வாக்கின் விலை என்ன என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

இதைப் படித்தபோது எனக்கு 2019 ஜனவரி 15 நினைவுக்கு வந்தது. பிரதமர் தெரேசா மேயின் பிரெக்சிட் ஒப்பந்தம் 432-202 என்ற கணக்கில் தோற்ற நாள் அது. அன்று டியூலிப் சித்தீக் என்ற உறுப்பினர் தமது பிரசவ அறுவை சிகிச்சையைத் தள்ளிவைத்துவிட்டுச் சக்கர நாற்காலியில் வந்து வாக்களித்தார். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் நேரில் நடந்து சென்று, 'ஆம்' என்பவர்களுக்கு ஒரு கூடம், 'இல்லை' என்பவர்களுக்கு ஒரு கூடம் எனப் பிரிந்து தலை எண்ணப்பட வேண்டும். அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு, அதே மாத இறுதியில், மகப்பேற்றுக் காலத்தில் வேறொருவர் மூலம் வாக்களிக்கும் முறை சோதனையாகக் கொண்டுவரப்பட்டது. ஐம்பத்தெட்டு ஆண்டுகள் இடைவெளியில், இரு நாடுகளில், ஒரு கூட்டமைப்பு பற்றிய கேள்விக்காக இரண்டு பெண்கள் மருத்துவமனையைவிட மன்றத்தை முக்கியமாகக் கருதும் நிலை வந்திருக்கிறது.

1962: 'வேண்டாம்' என்ற பெட்டி இல்லை

முதல் கேள்விக்கு வருவோம். என்ன கேட்கப்பட்டது?

1961 டிசம்பரில் இணைப்புத் திட்டம் சட்டமன்றத்தில் 33-0 என்ற கணக்கில் ஏற்கப்பட்டது. பாரிசான் உறுப்பினர்கள் வெளிநடப்புச் செய்திருந்தனர். அடுத்து மக்களிடம் செல்ல வேண்டும். 1962 செப்டம்பர் முதல் தேதி பொது வாக்கெடுப்பு நடந்தது. வாக்களிப்பது கட்டாயம். வாக்குச் சீட்டில் மூன்று தெரிவுகள் இருந்தன. 'ஏ' என்பது கல்வியிலும் தொழிலாளர் விவகாரங்களிலும் தன்னாட்சியோடு இணைவது. 'பி' என்பது மலாயாவின் பதினொரு மாநிலங்களைப் போல முழுமையாக இணைவது. 'சி' என்பது போர்னியோ பகுதிகளுக்குக் கிடைப்பதற்குக் குறையாத நிபந்தனைகளோடு இணைவது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியும்படி ஒவ்வொரு தெரிவின் பக்கத்திலும் கொடி அச்சிடப்பட்டிருந்தது: சிங்கப்பூர்க் கொடி, பினாங்குக் கொடி, சரவாக் மற்றும் வட போர்னியோக் கொடிகள்.

மூன்றுமே இணைப்பைப் பற்றியவை. இணைப்பே வேண்டாம் என்பவர்களுக்கு இடமில்லை. ஆகவே எதிர்க்கட்சியினர் வெற்றுச் சீட்டைப் போடும்படி மக்களைக் கேட்டுக்கொண்டனர். முடிவில் 'ஏ' தெரிவுக்கு 397,626 வாக்குகள். வாக்களித்தவர்களில் ஏறத்தாழ 71 விழுக்காடு. வெற்றுச் சீட்டுகள் 144,077. அதாவது நான்கு பேரில் ஒருவர் ஒன்றும் எழுதாமல் சீட்டை மடித்துப் போட்டிருக்கிறார். 'பி', 'சி' இரண்டும் சேர்ந்துகூட இருபதாயிரத்தைத் தொடவில்லை. வெற்றுச் சீட்டும் ஒரு கருத்துத்தான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

2016ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மக்களிடம் கேட்கப்பட்ட கேள்வியோ மிக எளிமையானது: ஒன்றியத்தில் நீடிப்பதா, வெளியேறுவதா? முதலில் 'ஆம்', 'இல்லை' என்ற விடைகளே திட்டமிடப்பட்டிருந்தன. 'ஆம்' என்ற சொல்லுக்கு இயல்பான ஈர்ப்பு இருப்பதால் அது ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்று தேர்தல் ஆணையம் கூற, வாசகம் மாற்றப்பட்டது. ஜூன் 23ஆம் தேதி 51.9 விழுக்காட்டினர் வெளியேறுவதைத் தேர்ந்தெடுத்தனர். கேள்வி நேர்மையானது. ஆனால் அதிலும் ஓர் ஓட்டை இருந்தது. வெளியேறுவதா என்று கேட்டார்களே தவிர, எப்படி வெளியேறுவது என்று கேட்கவில்லை. நமது 1962 வாக்குச் சீட்டு 'எப்படி' என்று மட்டும் கேட்டு 'வேண்டுமா' என்பதை விட்டுவிட்டது. அவர்களுடையது 'வேண்டுமா' என்று மட்டும் கேட்டு 'எப்படி' என்பதை விட்டுவிட்டது. இரண்டு நாடுகளிலும் விடுபட்ட கேள்விதான் பின்னர் திரும்பி வந்து நெருக்கடியாயிற்று என்பது என் கருத்து.

ஃபேரர் பார்க் திடலும் மேடைப் பேச்சும்

அந்தக் காலத்தில் சாமானிய மக்கள் இந்தச் சிக்கலான விவரங்களை எங்கிருந்து தெரிந்துகொண்டார்கள்? தொலைக்காட்சி சிங்கப்பூருக்கு 1963இல்தான் வந்தது. செய்தித்தாள், வானொலி, பொதுக்கூட்டம் ஆகிய மூன்றுமே வழி. நான் வசிக்கும் ஃபேரர் பார்க் வட்டாரத்தின் திடல், 1950களிலும் 60களிலும் அரசியல் கூட்டங்கள் நடந்த இடங்களுள் ஒன்று. பின்னாளில் அங்கே பந்து விளையாடுபவர்களையும், பெருமாள் கோயிலுக்குப் போகும் வழியில் நிழலுக்கு ஒதுங்குபவர்களையும்தான் பெரும்பாலும் காண முடிந்தது. ஒரு காலத்தில் அது குதிரைப் பந்தயத் திடல். 1933இல் பந்தயம் புக்கிட் தீமாவுக்கு மாறிய பிறகும் 'ரேஸ் கோர்ஸ் ரோடு' என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

அதே திடல் இன்னொரு நினைவையும் சுமக்கிறது. 1942 பிப்ரவரி 17ஆம் தேதி, பிரிட்டிஷ் படை சரணடைந்த இரண்டாம் நாள், பல்லாயிரக்கணக்கான இந்தியச் சிப்பாய்கள் அங்கே திரட்டப்பட்டு ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். அவர்களில் தமிழர்களும் இருந்தனர். நேற்று வரை ஒரு கொடிக்கு வணக்கம் செலுத்தியவர்கள் இன்று வேறொருவர் பொறுப்பு என்று ஒலிபெருக்கியில் சொல்லப்பட்டது. அதற்கு எந்த மன்றமும் வாக்கெடுக்கவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் அதே வட்டார மக்கள் வாக்குச் சீட்டில் கொடி பார்த்துக் குறியிடும் நிலைக்கு வந்தார்கள் என்றால், அது சிறிய மாற்றம் அன்று. வாக்குச் சீட்டில் எத்தனை குறை இருந்தாலும், கேட்கப்படுவதற்கும் கேட்கப்படாமல் கைமாற்றப்படுவதற்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு.

தமிழர்களுக்கு இதில் தனிப்பட்ட அக்கறையும் இருந்தது. 1935இல் தமிழ் முரசைத் தோற்றுவித்த கோ. சாரங்கபாணி, 1957இல் சிங்கப்பூர்க் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, தமிழர்கள் தயங்காமல் குடிமக்களாகப் பதிந்துகொள்ள வேண்டும் என்று வற்புறுத்தி இயக்கமே நடத்தினார். அப்படிப் பதிந்துகொண்டவர்கள்தாம் 1962இல் வாக்களிக்கும் தகுதி பெற்றார்கள். பத்திரிகை என்பது செய்தி சொல்வதற்கு மட்டும் அன்று, வாசகனை வாக்காளனாக்குவதற்கும் உதவும் என்பதை அவர் செய்து காட்டினார்.

1965: ஒரே நாளில் மூன்று வாசிப்புகள்

இனி இரண்டாவது கேள்வி. வெற்றிக்கு எத்தனை வாக்குகள் தேவை?

மலேசிய மக்களவையில் அப்போது 159 இடங்கள். மலாயாவுக்கு 104, சரவாக்குக்கு 24, சாபாவுக்கு 16, சிங்கப்பூருக்கு 15. அரசியலமைப்பைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 106 வாக்குகள் வேண்டும். துங்கு அப்துல் ரஹ்மானின் கூட்டணி, 1964 தேர்தலில் மலாயாவின் 104 இடங்களில் 89ஐக் கைப்பற்றியிருந்தது. சாபா, சரவாக் ஆதரவாளர்களும் சேர்ந்தால் 106 என்பது கடினமான எண் அன்று. அந்தத் தேர்தலில் போட்டியிட்ட மசெகவுக்குத் தீபகற்பத்தில் ஒரே ஓர் இடம், பங்சாரில் சி. வி. தேவன் நாயர் மூலம் கிடைத்தது.

அதன் பின் நடந்தவை நாம் பள்ளியில் படித்தவைதாம். 1964 ஜூலையிலும் செப்டம்பரிலும் இனக் கலவரங்கள். ஜூலைக் கலவரத்தில் மட்டும் 23 பேர் மாண்டனர். 1965 மே மாதம் 'மலேசியர்களின் மலேசியா' என்ற முழக்கத்தோடு எதிர்க்கட்சிகளின் ஒருமைப்பாட்டு மாநாட்டு அணி உருவானது. இரு தரப்பு வார்த்தைப் போர் முற்றியது. ஜூலை நடுவில் நிதியமைச்சர் கோ கெங் சுவீ, துணைப் பிரதமர் துன் அப்துல் ரசாக்குடனும் அமைச்சர் இஸ்மாயிலுடனும் இரகசியமாகப் பேசத் தொடங்கினார். சட்ட ஆவணங்களை எட்மண்ட் பார்க்கர் வரைந்தார். ஆகஸ்ட் 7ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தானது. யாழ்ப்பாண மண்ணில் பிறந்து இங்கே பத்திரிகையாளராக விளங்கிய அமைச்சர் சி. ராஜரத்தினமும், துணைப் பிரதமர் டோ சின் சாயும் கையெழுத்திடப் பெரிதும் தயங்கினார்கள். கடைசியில், வேறு வழியில்லை என்று துங்கு கைப்பட எழுதிய கடிதத்தைக் கண்ட பிறகே இசைந்தார்கள்.

ஆகஸ்ட் 9, திங்கட்கிழமை. காலை 10 மணிக்குச் சிங்கப்பூர் வானொலியில் சுதந்திரப் பிரகடனம் வாசிக்கப்பட்டது. அதே நேரத்தில் கோலாலம்பூரில் துங்கு நாடாளுமன்றத்தில் எழுந்தார். ஒரு மசோதா பொதுவாக மூன்று வாசிப்புகளைக் கடக்க வேண்டும். முதல் வாசிப்பில் அது அறிமுகமாகும். இரண்டாவதில் அதன் கொள்கை விவாதிக்கப்படும். பிறகு விதிவிதியாக ஆராயப்பட்டு மூன்றாவது வாசிப்பில் இறுதி ஒப்புதல் பெறும். இதற்கு வாரக்கணக்கில் ஆவது வழக்கம். அன்று மக்களவை, மேலவை, மாமன்னரின் ஒப்புதல் என எல்லாம் ஒரே நாளில் முடிந்தன. மக்களவையில் வாக்கு 126-0.

126-0 என்றால் ஒருமனதான முடிவா? இங்கே மூன்றாவது கேள்வியைக் கேளுங்கள். 159இல் 126 போக மீதி 33. சிங்கப்பூரின் உறுப்பினர்கள் அவையில் இல்லை. எந்த மாநிலத்தின் தலைவிதி தீர்மானிக்கப்பட்டதோ அந்த மாநிலத்தின் குரல் அந்த எண்ணில் இல்லை. ஆளுங்கட்சியான அம்னோவிலும் எல்லாருக்கும் மகிழ்ச்சி இல்லை. சிங்கப்பூரைப் பிடித்து வைத்திருக்க வேண்டும் என்று கருதிய அதன் தலைமைச் செயலாளர் சையது ஜாபர் அல்பார், விரைவில் அந்தப் பதவியிலிருந்து விலகினார். பூஜ்யம் என்ற எண்ணுக்குள் எத்தனை அதிருப்தி ஒளிந்திருக்கிறது பாருங்கள்!

பத்திரிகைகள் கண்டதும் காணாததும்

அன்று காலைப் பத்திரிகைகள் அச்சாகி வீடு வந்து சேர்ந்தபோது, அவற்றில் பிரிவினை பற்றி ஒரு வரியும் இல்லை. இரகசியம் அத்தனை கட்டுக்கோப்பாகக் காக்கப்பட்டது. மறுநாள்தான் 'சிங்கப்பூர் வெளியேறியது' என்ற பொருளில் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் கொட்டை எழுத்துத் தலைப்பிட்டது. பல ஆண்டுகள் வரை மக்கள் மனத்தில் பதிந்த சித்திரம், தொலைக்காட்சியில் லீ குவான் யூ கண்ணீர் மல்கியதும், 'நாம் வெளியேற்றப்பட்டோம்' என்பதும்தான். பேச்சுவார்த்தையில் சிங்கப்பூர்த் தரப்பின் பங்கு எவ்வளவு என்பது, கோ கெங் சுவீ பின்னாளில் அளித்த பேட்டிகளாலும், 'ஆல்பட்ராஸ் கோப்பு' எனப்படும் அவரது ஆவணத் தொகுப்பு 2025இன் இறுதியில் நூலாகவும் கண்காட்சியாகவும் மக்கள் பார்வைக்கு வந்ததாலும்தான் தெளிவாகிறது. செய்தித்தாள் வரலாற்றின் முதல் வரைவு என்றால், அதன் திருத்தப் பதிப்பு வெளிவர அறுபது ஆண்டுகள் பிடித்திருக்கின்றன.

பிரெக்சிட்டின் நிலை முற்றிலும் வேறு. எல்லாம் கண்ணெதிரே நடந்தது. பத்திரிகைகள் வெளிப்படையாகவே அணி பிரிந்து நின்றன. சன், டெய்லி மெயில், டெய்லி டெலிகிராப் முதலியவை வெளியேறச் சொல்லின. கார்டியன், டெய்லி மிரர், ஃபைனான்சியல் டைம்ஸ் நீடிக்கச் சொல்லின. இதில் வேடிக்கை என்னவென்றால், டெய்லி மெயில் வெளியேறச் சொல்ல, அதன் சகோதரப் பத்திரிகையான ஞாயிறு மெயில் நீடிக்கச் சொன்னது. ஒன்றிய விலகல் அறிவிப்புக்கு நாடாளுமன்ற ஒப்புதல் தேவை என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த மறுநாள், 2016 நவம்பர் 4ஆம் தேதி, டெய்லி மெயில் மூன்று நீதிபதிகளின் படங்களைப் போட்டு அவர்களை மக்கள் விரோதிகள் என்று தலைப்பிட்டது. நீதிபதிகள் சொன்னது வெளியேறக் கூடாது என்பதன்று. நாடாளுமன்றத்தைக் கேட்டுவிட்டு வெளியேறுங்கள் என்பதுதான். நாடாளுமன்றத்தைக் கேட்டபோது, 2017 பிப்ரவரியில் முதல் முக்கிய வாக்கெடுப்பிலேயே 498-114 என்று எளிதாக ஒப்புதல் கிடைத்தது. தலைப்பை மட்டும் படித்தவர்களுக்கு ஒரு கதை. தீர்ப்பைப் படித்தவர்களுக்கு வேறொரு கதை.

அதனால்தான், முக்கியமான வாக்கெடுப்பு என்றால் பத்திரிகையோடு நிற்காமல், அவையில் பேசப்பட்டதைச் சொல்லுக்குச் சொல் பதிவு செய்யும் ஹான்சார்ட் ஏட்டையும் பார்க்கும் பழக்கத்தை நான் ஏற்படுத்திக்கொண்டேன். முடிவைச் சொல்வது பத்திரிகை. காரணத்தைச் சொல்வது ஹான்சார்ட்.

நண்பனின் கேள்விக்கு விடை

பிரிட்டனுக்கு ஏன் மூன்றரை ஆண்டுகள்? விடை எண்களில்தான் இருக்கிறது. 2017 தேர்தலில் தெரேசா மே பெரும்பான்மையை இழந்தார். துங்குவிடம் 106ஐத் தாண்டிய எண்ணிக்கை கையில் இருந்தது. மேயிடம் பாதி கூட உறுதியாக இல்லை. 2019 மார்ச் 27ஆம் தேதி எட்டு மாற்று யோசனைகள் வாக்குக்கு விடப்பட்டன. எட்டும் தோற்றன. அதாவது எதை வேண்டாம் என்பதில் பெரும்பான்மை இருந்தது. எதை வேண்டும் என்பதில் இல்லை. ஏப்ரல் 3ஆம் தேதி ஒப்பந்தமின்றி வெளியேறுவதைத் தடுக்கும் மசோதா 313-312 என்று ஒரே வாக்கில் தப்பியது. அவ்வாண்டு டிசம்பர் 12ஆம் தேதித் தேர்தலில் போரிஸ் ஜான்சன் 365 இடங்களைப் பெற்றதும், எட்டே நாளில் 358-234 என்று விலகல் மசோதா இரண்டாம் வாசிப்பைக் கடந்தது. 2020 ஜனவரி 31ஆம் தேதி பிரிட்டன் வெளியேறியது. முடிச்சு அவிழ்ந்தது வாதத்தால் அன்று, எண்ணிக்கையால்.

ஆனால் நண்பனின் கேள்வியிலேயே ஒரு பாதி உண்மைதான் இருக்கிறது. நாம் ஒரே நாளில் பிரிந்தோமா? வாக்கெடுப்பு ஒரே நாளில் முடிந்தது, பிரிவு முடியவில்லை. கடற்பாலத்தைக் கடக்கக் கடப்பிதழ் காட்டும் முறை 1967இல்தான் வந்தது. தனி நாணயமும் அதே ஆண்டில்தான். கூட்டு விமான நிறுவனம் 1972இலும், கூட்டுப் பங்குச் சந்தை 1973இலும் பிரிந்தன. தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து கடைசி மலாயன் ரயில் புறப்பட்டது 2011 ஜூன் 30ஆம் தேதி, பிரிந்து 46 ஆண்டுகள் கழித்து. தண்ணீர் ஒப்பந்தங்களுக்குப் பிரிவினை ஒப்பந்தமே உத்தரவாதம் அளித்தது. அவற்றுள் 1962ஆம் ஆண்டு ஒப்பந்தம் 2061 வரை செல்லும். பிரிட்டன் முதலில் நீண்ட காலம் விவாதித்துவிட்டுப் பிரிந்தது. நாம் முதலில் பிரிந்துவிட்டு நீண்ட காலம் பேசினோம். எப்படியானாலும் பேச வேண்டியதைப் பேசித்தான் ஆக வேண்டும்.

வாக்கெடுப்பு வீட்டுக்கு வரும்போது

இவையெல்லாம் அரசியல்வாதிகளின் கணக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. 1965 ஆகஸ்ட் 9ஆம் தேதி வரை சிங்கப்பூர்க் குடிமகன் மலேசியக் குடிமகனும் ஆவான். மறுநாள் அப்படி இல்லை. தம்பி கிள்ளான் தோட்டத்தில், அண்ணன் சிராங்கூன் சாலைக் கடையில் என்றிருந்த தமிழ்க் குடும்பங்கள் எத்தனை! இரு சகோதரர்களும் இடம் பெயராமலே இரு நாட்டவர் ஆனார்கள். பிரெக்சிட்டிலும் இதே கதைதான். இலங்கைப் போரால் இடம்பெயர்ந்து பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து முதலிய நாடுகளில் குடியுரிமை பெற்று, பின்னர் உறவினர்களும் தமிழ்க் கடைகளும் கோயில்களும் நிறைந்த லண்டனுக்குக் குடிபெயர்ந்த ஈழத்தமிழர்கள் பலர். ஒன்றியக் குடிமக்கள் என்ற உரிமையால் வந்த அவர்கள், 2021 ஜூன் 30ஆம் தேதிக்குள் பிரிட்டனில் தொடர்ந்து வாழ விண்ணப்பம் செய்ய வேண்டியவர்கள் ஆனார்கள்.

இறுதியாக, நம் மொழிக்கு வருவோம். 1965ஆம் ஆண்டு தமிழுக்குக் கொந்தளிப்பான ஆண்டு. ஜனவரியில் தமிழகம் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தால் பற்றியெரிந்தது. அதே ஆண்டு டிசம்பர் 22ஆம் தேதி, இந்தக் குட்டித் தீவின் நாடாளுமன்றம் சிங்கப்பூர்க் குடியரசின் சுதந்திரச் சட்டத்தை நிறைவேற்றி, ஆகஸ்ட் 9 முதலே அது நடப்புக்கு வந்ததாக அறிவித்தது. அச்சட்டத்தின் ஏழாவது பிரிவு, மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கும் அதிகாரத்துவ மொழிகள் என்று கூறுகிறது. மலாய் தேசிய மொழி. இன்று அரசியலமைப்பின் 153ஏ பிரிவாக அது நிலைத்திருக்கிறது. ஆகஸ்ட் 9 வாக்கெடுப்பை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறோம். டிசம்பர் 22 யாருக்கும் நினைவில்லை. ஆனால் பல்கலைக்கழகத்தில் ஒரு தமிழ்ப் பேரவை இயங்கவும், இந்த ஆண்டிதழை நீங்கள் கையில் எடுக்கவும் பின்னணியாக இருக்கும் சட்டம் அந்த நாளில்தான் வந்தது.

எனவே சக மாணவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. அடுத்த முறை உலகில் எங்கேனும் ஒரு முக்கிய வாக்கெடுப்பு நடந்தால், முடிவோடு நின்றுவிடாதீர்கள். என்ன கேட்டார்கள், எத்தனை தேவை, யார் வரவில்லை என்று பாருங்கள். தேசிய நூலக வாரியத்தின் மின்னிலக்கத் தொகுப்பில் தமிழ் முரசின் பழைய இதழ்கள் வீட்டிலிருந்தே படிக்கக் கிடைக்கின்றன; நம் நாடாளுமன்ற ஹான்சார்ட்டும் இணையத்தில் இருக்கிறது. ஒரு மணி நேரம் ஒதுக்கி, 1965 டிசம்பர் மாத விவாதங்களை எடுத்துப் பாருங்கள். நம் மொழிக்குக் கிடைத்த இடம் தானாக வந்ததன்று, ஒரு மன்றத்தில் சிலர் எழுந்து பேசிச் சட்டமாக்கியது என்பது அப்போது விளங்கும்.